தனியா சாப்பிட்டா சோறு எறங்கலையா? வட சென்னைல கூட உக்காந்து சாப்பிட ஆள் கிடைக்கிற விதம்

கேள்வி இதுதான்: சேலத்துப் பொண்ணு ஒருத்தங்க ஜூலை கடைசில ட்ரைனிங்குக்காக மூணு வாரம் சென்னை வர்றாங்க, தங்கப்போறது பழைய வண்ணாரப்பேட்டைல ஒரு லேடீஸ் ஹாஸ்டல். தனியா உக்காந்து சாப்ட்டா சோறே எறங்க மாட்டேங்குது, கூட சாப்பிட உள்ளூர் ஆளுங்க கிடைப்பாங்களா, அதுக்கு ஆப் எதாச்சும் இருக்கா, அப்புறம் "வட சென்னையா, பாத்து இருந்துக்கோ"ன்னு வீட்ல எல்லாரும் பயமுறுத்துறாங்க, நெஜமாவே அப்படியான்னு கேட்டிருக்காங்க.

நான் பொறந்து வளந்தது ராயபுரம் கல்மண்டபம் பக்கம், கல்யாணம் ஆகி இப்ப தண்டையார்பேட்டை, வேல லிங்கிச்செட்டித் தெருல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல. ஸ்டாக் ஆடிட், பிராஞ்ச் ஆடிட்னு பதினாறு வருஷமா வெளியூர் அனுப்புறாங்க, விஜயவாடா, நாக்பூர், கொல்கத்தான்னு பத்து நாள் பதினஞ்சு நாள் லாட்ஜ்ல தங்கி, ராத்திரி எட்டு மணிக்கெல்லாம் ரூம் கதவ சாத்திட்டு பன்னும் வாழப்பழமும் சாப்ட்டு படுத்திருக்கேன். அதனால நீங்க எழுதுனத படிச்சதும் எனக்கு வயித்துலயே புரிஞ்சுது. வந்து தங்குறவளாவும் இருந்திருக்கேன், வந்து தங்குறவங்களுக்கு சோறு போட்டவளாவும் இருந்திருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா படிங்க.

பயத்த மொதல்ல முடிச்சிடுவோம். படத்துல அருவா தூக்கிட்டு ஓடுறத பாத்துட்டு ஊரே அப்படின்னு நெனைக்கிறவங்க ஒரு தடவ ராத்திரி ஒம்போதர மணிக்கு எங்க தெருவுக்கு வந்து பாக்கணும். வீடெல்லாம் சின்னது, உள்ள புழுக்கம், அதனால பாதி குடும்பம் வாசல்லதான் இருக்கும், ஒரு ஆயா வெத்தல இடிச்சிக்கினு இருக்கும், ஒருத்தி நாளைக்கு விக்கிறதுக்கு பூ கட்டுவா, பசங்க கேரம் போர்டு சுத்தி நிப்பாங்க, டிபன் கடைல ஆவி வந்துக்கினு இருக்கும். புதுசா ஒரு பொண்ணு நடந்து போனா இருவது பேரு பாப்பாங்க, அந்தப் பார்வை உங்களுக்கு மொத ரெண்டு நாள் கூச்சமா இருக்கும், ஆனா யாராச்சும் ஒருத்தன் பின்னாடி வந்தா அந்த இருவது பேரும் கேப்பாங்க. பெரிய பெரிய பங்களா இருக்குற ஏரியால ராத்திரி எட்டு மணிக்கு நாய் தவிர யாரும் இருக்க மாட்டாங்க, எனக்கு அந்தத் தெருவுலதான் பயம். இங்க ஜாக்கிரதையா இருக்க வேண்டியது எங்கன்னா, கன்டெய்னர் லாரி போற, வீடுங்க இல்லாத ரோட்ல இருட்டுனப்புறம் நடக்காதீங்க, டாஸ்மாக் இருக்குற முக்க சுத்திக்கிட்டு போயிடுங்க, அவ்வளவுதான்.

இப்ப சாப்பாட்டுக்கு வர்றேன். எல்லாரும் பண்ற தப்பு, மொதல்ல ஆளத் தேடுறது. முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர்கிட்ட போயி "என்கூட சாப்பிட வர்றீங்களா"ன்னு கேட்டா எந்த ஊர்லயும் சங்கடம்தான், கேக்குறவளுக்கும் கேக்கப்படுறவங்களுக்கும். நான் பண்றது என்னன்னா ஒரு கடையப் புடிக்கிறது, தெனம் அதே கடை, அதே நேரம், பத்து நிமிஷம் முன்ன பின்ன கூட போகாம. ஏன்னா தெருக்கடைல சாப்பிடுறவங்களுக்கும் அவங்கவங்க நேரம் இருக்கு, ஆறே முக்காலுக்கு வர்ற ஆட்டோக்காரர் தெனமும் ஆறே முக்காலுக்குத்தான் வருவாரு, ஏழு மணிக்கு வர்ற கார்ப்பரேஷன் அக்கா ஏழு மணிக்குத்தான். நீங்களும் அந்த நேரத்துக்குள்ள வந்துட்டீங்கன்னா நாலாவது நாள் நீங்க அந்த கூட்டத்துல ஒருத்தி, யாரும் யாரையும் கூப்பிட வேண்டிய அவசியமே வராது.

வட சென்னைல அதுக்கு சரியான இடம் ஆயா கடை. போர்டு கெடையாது, பேரு கெடையாது, மேப்ல வராது. காலைல ஆறு மணிக்கு ஏதாவது ஒரு சந்துல வீட்டு வாசப்படில அடுப்பு வச்சு ஒரு வயசான அம்மா இட்லி, ஆப்பம் சுட்டுக்கினு இருக்கும், பக்கத்துல ஒரு பெஞ்சோ இல்ல எதுத்த வீட்டுத் திண்ணையோ இருக்கும், தூக்கு எடுத்துட்டு வந்து வாங்கிட்டுப் போறவங்க ஒரு பக்கம், நின்னு சாப்பிடுறவங்க ஒரு பக்கம். எங்கம்மா வீட்டுத் தெருல இருந்த ஆயா கடை இன்னும் கண்ணுல நிக்குது, இரும்பு ஆப்பச்சட்டி, அதுல ஒரு கரண்டி மாவ ஊத்தி ரெண்டு கையாலயும் காதப் புடிச்சு ஒரு சுத்து, மூடி, மூடிய எடுக்குறப்ப ஓரமெல்லாம் செவந்து நடுவுல பஞ்சு மாதிரி நிக்கும், எவர்சில்வர் சொம்புலேர்ந்து தேங்காப்பால ஊத்தி நீட்டும்.

கொஞ்ச வருஷம் முன்னாடி அந்தத் தெரு ஹாஸ்டல்ல நர்ஸிங் படிக்க தென்காசி பக்கத்துலேர்ந்து ஒரு பொண்ணு வந்துச்சு. மொத நாள் ரெண்டு ஆப்பம் பார்சல் வாங்கிட்டு தலைய குனிஞ்சுட்டு போயிடுச்சு. ரெண்டாவது நாளும் பார்சல். மூணாவது நாள் ஆயா கரண்டிய கீழ வச்சிட்டு கேட்டுச்சு, "இன்னா பாப்பா, தெனிக்கும் பார்சலு, ரூமுக்குப் போறதுக்குள்ள ஆறிப்பூடும், இங்கயே குந்தி துன்னுட்டுப் போ." அந்தப் பொண்ணு தயங்குச்சு, திண்ணைல இருந்த எங்கம்மா காலை மடக்கி எடம் குடுத்தாங்க. அவ்வளவுதான் நடந்துச்சு. அதுக்கப்புறம் மூணு வருஷம் அந்தப் பொண்ணு ஞாயித்துக்கிழமை எங்க வீட்லதான் சாப்ட்டுச்சு, இப்பவும் பொங்கலுக்கு போன் பண்ணும். பார்சல் வாங்காதீங்கன்னு நான் சொல்றது இதனாலதான், எவ்வளவு கூச்சமா இருந்தாலும் நின்னாவது அங்கயே சாப்பிடுங்க. இன்னொன்னு, போன காதுல வச்சுக்கிட்டோ ரீல்ஸ் பாத்துக்கிட்டோ சாப்ட்டா யாரும் பேச்சு குடுக்க மாட்டாங்க, பத்து நிமிஷம் பைக்குள்ள போடுங்க.

கூப்பிடுற மொறை தெரிஞ்சுக்கணும், இது சின்ன விஷயம் மாதிரி தெரியும் ஆனா இதுலதான் பாதி இருக்கு. சேலத்துல நீங்க எப்படி கூப்பிட்டாலும் சரி, இங்க "ணா"ன்னு கடைசில ஒட்டிக்கும், "ரெண்டு இட்லி குடுணா", "சட்னி ஊத்துணா". வயசான அம்மா எல்லாரும் ஆயா, உங்கம்மா வயசு இருந்தா அக்கான்னே கூப்பிடலாம், கோவிச்சுக்க மாட்டாங்க, சந்தோஷப்படுவாங்க. மண்ணடி பக்கம் முஸ்லிம் கடைன்னா "பாய்", சௌகார்பேட்டைல "பையா" இல்லனா "சேட்டு". ஹலோ, எக்ஸ்கியூஸ் மீ, சார்னு ஆரம்பிச்சீங்கன்னா மரியாதையா பதில் சொல்லிட்டு வேலைய பாக்கப் போயிடுவாங்க. அவங்க "இன்னா"ன்னு கேக்குறத, "வா, போ"ன்னு பேசுறத திமிருன்னு எடுத்துக்காதீங்க, இங்க ஒருமைல பேசுனா பக்கத்துல சேத்துக்கிட்டாங்கன்னு அர்த்தம். நீங்க மட்டும் பெரியவங்கள "வாங்க போங்க"ன்னே பேசுங்க, அது உங்க ஊர் மரியாதைன்னு அவங்களே ரசிப்பாங்க.

பேச்ச எப்படி ஆரம்பிக்கிறதுன்னு கேட்டா, நான் அத கத்துக்கிட்டது கொல்கத்தால. அங்க பைஸ் ஓட்டல்னு இருக்கு, பழைய காலத்து சோத்துக்கடைங்க, ஒரு காலத்துல பைசா கணக்குல சாப்பாடு போட்டதால அந்தப் பேரு, நீள மேஜைல முன்னப்பின்ன தெரியாதவங்க எல்லாம் ஒட்டி உக்காருவாங்க, வாழ இலைல போடுவாங்க, ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா காசு. காலேஜ் ஸ்ட்ரீட் பக்கத்துல அப்படி ஒரு கடைல போய் உக்காந்தேன், முன்னாடி அஞ்சாறு கிண்ணத்துல கறி வச்சிட்டுப் போயிட்டாங்க, எனக்கு எல்லாத்தையும் ஒண்ணா ஊத்தி பிசையத்தான் தெரியும், கை வச்சேன், எதுத்தாப்ல இருந்த பெரியவரு ஒருத்தரு முகத்த ஒரு மாதிரி பண்ணாரு. நான் அரகொற இந்தில "எத மொதல்ல சாப்பிடணும்"னு கேட்டேன். அவ்வளவுதான், மனுஷன் நாற்காலிய இழுத்துப் போட்டுக்கிட்டாரு. மொதல்ல கசப்பு, சுக்தோன்னு பாவக்கா போட்ட கூட்டு, அப்புறம் பருப்பு, அப்புறம் காய், அதுக்கப்புறம்தான் மீனு, கடைசில இனிப்புச் சட்னி அப்பளம், ஒவ்வொண்ணுக்கும் தனியா கொஞ்சம் சோறு எடுத்து வச்சுக்கணும்னு ஒண்ணு ஒண்ணா சொல்லி, நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தாரு. ரிட்டையர்டு வாத்தியாராம். மறுநாள் நான் போறதுக்குள்ள எனக்கு எடம் புடிச்சு வச்சிருந்தாரு, எட்டு நாள் மத்தியான சாப்பாடு அவரோடதான்.

அன்னைலேர்ந்து எந்த ஊருக்குப் போனாலும் நான் கேக்குறது ஒரே கேள்விதான், "இத எப்படி சாப்பிடணும்?" எங்க நல்ல ஓட்டல் இருக்குன்னு கேட்டா ரெண்டு வார்த்தைல வழி சொல்லிட்டுப் போயிடுவாங்க. எப்படி சாப்பிடணும்னு கேட்டா நின்னு காட்டித் தருவாங்க, காட்டித் தர்றவங்க பக்கத்துலயே உக்காந்துடுவாங்க.

இந்தக் கேள்விய இங்க கேக்குறதுக்குன்னே ஒரு சாப்பாடு இருக்கு, அதான் அத்தோ. பர்மால பல தலமுறையா இருந்த தமிழ் ஜனங்க, 1962-ல அங்க ராணுவ ஆட்சி வந்து கடை, வியாபாரம் எல்லாத்தையும் அரசாங்கம் எடுத்துக்கிட்டப்புறம் கையில இருந்தத விட்டுட்டு கப்பல் ஏறி வந்து எறங்குனது மெட்ராஸ் துறைமுகத்துலதான், நெறைய பேரு வட சென்னைலயே தங்கிட்டாங்க. பீச் ஸ்டேஷன் எதுக்க பர்மா பஜார் வந்ததும் அவங்களாலதான், அத ஒட்டி சாயங்காலம் வர்ற அத்தோ வண்டிங்களும் அவங்க கொண்டு வந்ததுதான். பர்மிய பாஷைல அத்தோக்னா கையால பிசைஞ்சதுன்னு அர்த்தம். வண்டிக்காரரு ஒரு கிண்ணத்துல ஆரஞ்சு கலர் நூடுல்ஸ அள்ளிப் போட்டு, மெல்லிசா அரிஞ்ச கோஸு, பொரிச்ச வெங்காயம், புளித்தண்ணி, பூண்டு போட்டு காய்ச்சுன எண்ணெ, மொளகாத்தூளு எல்லாம் போட்டு கையாலயே பிசைவாரு, கூட ஒரு கிண்ணம் வாழத்தண்டு சூப்பு சுடச்சுட, முட்டைய கீறி உள்ள பொரிச்ச வெங்காயம் வச்சுத் தர்ற முட்ட மசாலா தனி. உக்கார எடம் கெடையாது, வண்டிய சுத்தி தோளோட தோள் ஒட்டி நின்னுதான் சாப்பிடணும், சூப்ப நடுவுல குடிக்கணுமா கடைசில குடிக்கணுமா, காரம் எவ்வளவு சொல்லணும்னு பக்கத்துல இருக்குறவங்கள கேளுங்க, ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க, அவங்களுக்குள்ளயே சண்ட வரும், நீங்க நடுவுல சிரிச்சுக்கிட்டு நிப்பீங்க. வண்ணாரப்பேட்டைலேர்ந்து மெட்ரோல அடுத்த ஸ்டேஷனே மண்ணடி, அங்கேர்ந்து நடந்து போற தூரம்தான். ஆறரை ஏழு மணிக்கே போயிடுங்க, மொத தடவ ஹாஸ்டல்லேர்ந்து ஒருத்திய கூட்டிக்கிட்டுப் போங்க.

ஹாஸ்டல்னதும் ஞாபகம் வருது, உங்களுக்கு மொத துணை அங்கதான் இருக்கா, எதுத்த கட்டில்ல. அவளும் தனியா பிஸ்கெட் தின்னுட்டுத்தான் படுத்திருப்பா. ஆனா கூப்பிடும்போது "சாப்பிடப் போலாமா"ன்னு மொட்டையா கேக்காதீங்க, டயர்டா இருக்குன்னுடுவா. ஒரு எடம், ஒரு பொருள், ஒரு நேரம் சொல்லுங்க: "நாளைக்கு ஏழு மணிக்கு சௌகார்பேட்டை போய் நெய் ஊத்தப்பம் சாப்பிடப் போறேன், ஒருத்தியா ஒரு ப்ளேட்ட முடிக்க முடியாதாம், பாதி எடுத்துக்கிறியா?" இது பொய்யும் இல்ல, என்.எஸ்.சி. போஸ் ரோட்ல சீனா பாய் கடைல சாயங்காலத்துக்கு மேல போட்டுத் தர்ற ஊத்தப்பத்துல நெய் ஓரத்துல வழிஞ்சு நிக்கும், அத ரெண்டு பேரு பங்கு போட்டு சாப்ட்டாத்தான் அடுத்த கடைக்கு வயித்துல எடம் இருக்கும். அடுத்தது மின்ட் தெருல காக்கட ராம்பிரசாத்ல ஜிலேபி, பாதாம்பால், அதுவும் பாதிப் பாதி. முறுக்கு சாண்ட்விச்னு முறுக்க ரொட்டி மாதிரி வச்சு நடுவுல வெள்ளரி தக்காளி சட்னி அடுக்கித் தருவாங்க, அது ஆளுக்கு ஒண்ணு வாங்கிக்கோங்க, பங்கு போட்டா நொறுங்கிடும். பங்கு போட்டு சாப்ட்ட ஒரு சாயங்காலம் ஒரு வாரம் பேசுனதுக்கு சமம், நான் பாத்திருக்கேன்.

ட்ரைனிங்ல கூட வேல செய்யுறவங்க விஷயத்துல மத்தியான டப்பாதான் வழி. கேன்டீன்ல தட்ட எடுத்துட்டு தனி டேபிள் தேடாதீங்க, வீட்லேர்ந்து டப்பா கொண்டு வர்ற அக்காங்க ஒரு மூலைல வட்டமா உக்காந்திருப்பாங்க பாருங்க, அங்க போங்க. வெறுங்கையோட போகாதீங்க. சேலத்துலேர்ந்து கெளம்பும்போது தட்டுவடை செட்டுக்கு வேண்டிய சின்ன தட்டுவடை ரெண்டு மூணு பாக்கெட் வாங்கிக்கோங்க, இங்க பீட்ரூட்டும் கேரட்டும் துருவி சட்னி வச்சு நீங்களே ரெண்டு நாள் செட்டு போட்டுக் குடுங்க. சென்னைல செட்டுன்னா என்னன்னு தெரியாதவங்க நெறைய பேரு, மொத நாளே உங்க பேரு "தட்டுவடை" ஆகிடும், மூணாவது நாள் உங்களுக்குன்னு ஒரு டப்பா கூடுதலா வரும். அந்த அக்காங்கள்ல மீன்பிடித் துறைமுகம் இருக்குற காசிமேட்டுப் பக்கத்துலேர்ந்து வர்றவங்க யாராச்சும் கண்டிப்பா இருப்பாங்க, "ஞாயித்துக்கிழமை மீன் வாங்கப் போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போங்கக்கா"ன்னு கேளுங்க. ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடி தடைக்காலம், நீங்க வர்றப்ப அது முடிஞ்சு போட்டெல்லாம் கடலுக்குப் போய்க்கினு இருக்கும். விடியறதுக்கு முன்னாடி போனா வஞ்சிரம், சங்கரா, கடம்பா, இறால்னு தரைலயே குவிச்சு ஏலம் போவும், ஏலக் கூவல் ஒண்ணும் புரியாது, காலு நனையும், பழைய செருப்பு போட்டுக்கோங்க. மீனுக்குக் காசு நீங்க குடுங்க, ஹாஸ்டல்ல அடுப்பு இல்லன்னு அவங்களுக்கே தெரியும், மீன வாங்கிட்டு உங்கள ரோட்ல விட்டுட்டுப் போற பொம்பள இந்த ஊர்ல கெடையாது.

நீங்க வர்ற மாசம் ஆடிங்கிறது உங்க அதிர்ஷ்டம். ஆடில ஞாயித்துக்கிழமை ஆச்சுன்னா இங்க தெருவுக்குத் தெரு அம்மன் கோயில்ல கூழ் ஊத்துவாங்க. கேவுரு மாவும் நொய்யும் போட்டு அண்டா அண்டாவா காய்ச்சி, சின்ன வெங்காயம் அரிஞ்சு போட்டு, தொட்டுக்க முருங்கக்கீரை, பல எடத்துல கருவாட்டுக் குழம்பு. யாரு, எந்த ஊரு, எந்த சாமின்னு கேக்குற பேச்சே இல்ல, வரிசைல நின்னா ஊத்துவாங்க. தூக்கு எடுத்துட்டுப் போங்க, ஆனா அங்கயே ஒரு சொம்பு குடிச்சிட்டு அப்புறம் வாங்கிக்கோங்க, வேப்பிலை கட்டுன பந்தல் நெழல்ல பொம்பளைங்க எல்லாம் உக்காந்து குடிப்பாங்க, அவங்களோட உக்காருங்க. ரம்ஜான் மாசத்துல வந்தவங்களுக்கு இதே மாதிரி மண்ணடி பள்ளிவாசல்ல நோன்புக் கஞ்சி, அதையும் மதம் பாக்காம குடுப்பாங்க. எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்ல எல்லாருக்கும் பொதுவா சோறு போடுற எடம் எதுன்னு விசாரிச்சுக்கோங்க, நாக்பூர்ல எனக்கு அது சீக்கியர் கோயிலான குருத்வாரா, தரைல வரிசையா உக்காந்து அங்க போடுற லங்கர் சாப்பாடு சாப்ட்டேன், ரொட்டிய ரெண்டு கையும் ஏந்தி வாங்கணும்னு பக்கத்துல இருந்த அம்மா சொல்லித்தான் தெரியும்.

கேரம் ஆடத் தெரிஞ்சா அதுவும் ஒரு வழி, 2024-ல அமெரிக்கால நடந்த கேரம் உலகக் கோப்பைல 3 தங்கம் ஜெயிச்ச காசிமா இந்தப் பக்கத்துப் பொண்ணு, அதுக்கப்புறம் போர்டு முன்னாடி பொண்ணுங்க உக்காந்தா யாரும் வித்தியாசமா பாக்குறதில்ல, ஆட்டம் முடிஞ்சா டீயும் பஜ்ஜியும் தானா வரும்.

ஆப் பத்தி கேட்டீங்க. இருக்கு, இல்லன்னு சொல்லல. ஈட்வித்னு ஒண்ணு, உள்ளூர்க்காரங்க வீட்ல காசு குடுத்து விருந்து சாப்பிடுறது. டைம்லெஃப்ட்னு ஒண்ணு, புதன்கிழமை ராத்திரி முன்னப்பின்ன தெரியாதவங்கள ஒரே மேஜைல உக்கார வைக்கிறது. கவுச்சர்ஃபிங்னு ஒண்ணு, ஊருக்கு வர்றவங்கள உள்ளூர்க்காரங்க தங்க வீட்ல தங்க வச்சுக்கிறது, 2004-லேர்ந்து இருக்கு, 2020-ல காசு கட்டணும்னு ஆக்கிட்டாங்க. நியூயார்க்ல 1992-ல ஆரம்பிச்சு பல நாட்டுக்குப் பரவுன கிரீட்டர்னு ஒரு ஏற்பாடு, உள்ளூர்க்காரங்க காசு வாங்காம ஊரச் சுத்திக் காட்டுறது. பாரிஸ்ல ஜிம் ஹெய்ன்ஸ்னு ஒரு மனுஷன் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை தன் வீட்ல யார் வேணும்னாலும் வந்து சாப்பிடலாம்னு முப்பது வருஷத்துக்கு மேல விருந்து வச்சாரு, 2021-ல இறந்துட்டாரு, அவரப் பத்தி படிச்சப்ப எனக்கு எங்க ஆயாதான் ஞாபகம் வந்துச்சு. வெளிநாட்டுப் பெரிய ஊருக்குப் போனா இதெல்லாம் உதவும். இந்த ஊர்ல எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் மெட்ராஸ் டே ஆகஸ்ட் 22, அத ஒட்டி ஆகஸ்ட் மாசம் நடக்குற ஹெரிடேஜ் வாக், ஃபுட் வாக் இதுங்கதான் அதவிட நல்லது, ஜார்ஜ் டவுன் சந்துல பதினஞ்சு இருவது பேரோட நடந்து போவீங்க, தனியா வந்தவங்களே நெறைய பேரு இருப்பாங்க.

ஆப்ல பழகுனவங்கள பாக்கப் போறீங்கன்னா ஒண்ணே ஒண்ண மறக்காதீங்க, கடைய நீங்க சொல்லுங்க. எனக்கு ஒரு ஊர்ல நடந்துச்சு, ஆப்ல ரொம்ப மரியாதையா பேசுன ஒரு பொண்ணு "எனக்குத் தெரிஞ்ச எடம்"னு ஒரு கஃபேக்குக் கூட்டிட்டுப் போனா, மெனு கார்டே வரல, ரெண்டு ஜூஸும் ஒரு ஸ்டார்ட்டரும் சாப்ட்டதுக்கு நாலாயிரத்து எழுநூறு ரூபா பில்லு, அவ போன் வந்துச்சுன்னு வெளிய போனவ திரும்பல. கை நடுங்குச்சு, குடுத்துட்டுத்தான் வெளிய வந்தேன். இதே மாதிரி டேட்டிங் ஆப்ல பேசி கூட்டிட்டுப் போயி பில்லு போடுறது டெல்லி, மும்பை, ஐதராபாத்ல எல்லாம் போலீஸ் கேஸே ஆயிருக்கு. அவங்க சொன்ன எடத்துக்கு வேணாம், நீங்க தெனம் போற கடைக்கு அவங்கள வரச் சொல்லுங்க, உங்க முகம் தெரிஞ்ச கடைக்காரர் இருக்குற எடத்துல தப்பா நடக்க எவனும் யோசிப்பான்.

காசு விஷயம். இங்க கூட சாப்ட்டா உங்கள காசு குடுக்க விட மாட்டாங்க, "ஊருக்கு வந்த பொண்ணு நீ குடுக்குறியா"ன்னு கையத் தட்டி விடுவாங்க. மொத தடவ ரொம்ப மல்லுக்கு நிக்காதீங்க, அவங்களுக்கு அது அவமானம் மாதிரி. ஆனா எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடியே "டீ என்னது"ன்னு சொல்லிடுங்க, அடுத்த நாள் அவங்க வர்றதுக்குள்ள கடைக்காரர்கிட்ட காசு குடுத்து வச்சிடுங்க. தெனக்கூலிக்குப் போறவங்க உங்களுக்கு செலவு பண்ணா அது அவங்க ஒரு வேளை சாப்பாடு, அத மனசுல வச்சுக்கோங்க.

வீட்டுக்குக் கூப்ட்டாங்கன்னா மொத தடவ பகல்ல போங்க, ஞாயித்துக்கிழமை மத்தியானம்தான் நல்ல நேரம், ஹாஸ்டல் வார்டன்கிட்ட எந்தத் தெருன்னு சொல்லிட்டுப் போங்க. வாழப்பழம் ஒரு சீப்பு, ரெண்டு மொழம் பூ, கொழந்தைங்க இருந்தா பிஸ்கெட், போதும். வீடு ஒரே ரூமா இருக்கும், கட்டில்ல உக்கார வச்சிட்டு அவங்க தரைல உக்காருவாங்க, நீங்களும் எறங்கி தரைல உக்காந்துடுங்க. சைவமா அசைவமான்னு கூப்பிடுறப்பவே சொல்லிடுங்க, எல நிறைய போட்டப்புறம் சொன்னா அவங்க மனசு உடஞ்சிடும்.

இன்னும் ஒண்ணு, இத நான் அழுத்திச் சொல்லணும். வியாசர்பாடி, புளியந்தோப்பு, பெரம்பூர் பக்கம் பீஃப் இங்க தெனசரி சாப்பாடு, சாயங்காலம் தள்ளுவண்டில வறுவல், பக்கோடா, ஞாயித்துக்கிழமை பிரியாணி. நீங்க சாப்பிடலன்னா "எனக்குப் பழக்கமில்லக்கா, நீங்க சாப்பிடுங்க"ன்னு சொல்லிட்டு பக்கத்துலயே உக்காந்து உங்களது சாப்பிடுங்க, யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. மூக்கப் பொத்துறதோ தள்ளி உக்காருறதோ பண்ணீங்கன்னா அதோட முடிஞ்சுது, அப்புறம் எவ்வளவு பேசுனாலும் அவங்க மனசுலேர்ந்து அது போகாது, போகவும் கூடாது. அதே மாதிரி "நீங்க என்ன ஆளுங்க"ங்கிற கேள்வி உங்க வாயிலேர்ந்து வரவே கூடாது, சுத்தி வளைச்சு "சொந்த ஊர் எது, குலதெய்வம் எது"ன்னு அதையே கேக்குறதும் வேணாம். கூட உக்காந்து சாப்பிட ஆள் வேணும்னு வந்தவங்க நீங்க, இந்த ஊர்ல அவங்ககூட உக்காந்து சாப்பிடாம போனவங்கள அவங்க நெறைய பாத்திருக்காங்க.

ஆங்கிலோ இந்தியன் குடும்பங்க பெரம்பூர்ல இருக்கு, ரயில்வே வேலைக்கு வந்து தங்கிட்டவங்க, தேங்காப்பால் மஞ்ச சோறும் பால் கறியும், பால்னா இங்க உருண்ட, கொத்துக்கறி உருண்டக் குழம்பு, யாராச்சும் ட்ரைனிங்ல கூட இருந்து கூப்ட்டா விட்டுடாதீங்க.

மூணு வாரம்ங்கிறது கம்மி இல்ல. வந்து எறங்குன மறுநாள் காலைலயே ஆயா கடையத் தேடிடுங்க, ஹாஸ்டல் வாசல்ல பூ விக்கிற அக்காவ கேட்டா காட்டும். ஆடி மூணாவது ஞாயிறு எங்க தெரு அம்மனுக்குக் கூழு, பன்னெண்டு மணிக்குள்ள ஊத்த ஆரம்பிச்சிடுவாங்க, தண்டையார்பேட்டை மெட்ரோல எறங்கி மைக்செட் சத்தம் வர்ற பக்கம் நடந்தா ஏதாவது ஒரு கோயில் வந்துடும், அது எங்க கோயிலா இல்லனாலும் பரவால்ல, உள்ள வந்து உக்காருங்க. தூக்கு எடுத்துட்டு வர மறந்துட்டீங்கன்னா பக்கத்துல உக்காந்திருக்குற அக்காவ கேளுங்க, எப்பவுமே ரெண்டு எடுத்துட்டு வந்திருப்பாங்க.